கேளுங்க சொல்றோம்: புதரை ஏன் அடிக்கணும்?

கேள்வி: மீட்டிங்ல மேனேஜர் என்னைப் பாத்து “டோன்ட் பீட் அரவுண்ட் த புஷ்”னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நான் முழிச்சேன். அப்புறம் “டாக்கிங் ஷாப்”னா கடைப் பேச்சாங்க?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்கன்னு சொல்லியிருக்காரு, அவ்வளவுதாம்மா. அந்தக் காலத்துல பறவை வேட்டைக்குப் போறவங்க முதல்ல புதரைச் சுத்தித் தட்டி பறவையக் கிளப்பிவிடுவாங்க, பிடிக்கிறதெல்லாம் அப்புறம்தான், அதுலேருந்து வந்த பேச்சு. நம்மாளுங்க கடன் கேக்க வந்துட்டு மழை, டுரியான் விலைன்னு முக்கால் மணி நேரம் இழுப்பாங்களே, அதேதான். ‘டாக்கிங் ஷாப்’ல கடையே கிடையாது. ஞாயித்துக்கிழமை பினாங்கு லிட்டில் இந்தியாவுல பசியாற உக்காந்தும், தே தாரிக் ஆடை கட்டுற வரைக்கும் ஆபீஸ் இன்வாய்ஸையே பேசுறது இருக்கே, அதான். எங்க வீட்லயும் ஒருத்தர் உண்டு.