ஐயர் பேசியது பிரசங்கம்தான்

கேள்வி: எங்கள் சபை ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஞாயிறு காலை ஆராதனையில் ஒழுங்காகப் பிரசங்கம் செய்கிறார். மாலையில் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தவர் போலப் பேசுகிறார். வேலைக்கார அம்மா லீவு போட்டால் நாம் சம்பளத்தைப் பிடிப்பது, கல்யாணப் பந்தியில் சோறு வீணாவது, கோயிலில் முன்வரிசையில் இடம் பிடிப்பது என்று போகிறது பேச்சு. இதுவா தேவ செய்தி? நாங்கள் வேதத்தைக் கேட்கத்தானே வருகிறோம்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேதத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கிறீர்கள். அவர் அதிகாரமும் வசனமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராத பெண்ணிடம் கணக்குப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கிறவர்களைப் பற்றி, இதைவிட நேரடியாக வேறென்ன சொல்ல வேண்டும்? பந்திச் சோறும் அப்படித்தான். ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், ஒன்றும் வீணாகாமல் மீதியைச் சேருங்கள் என்றுதான் இயேசு சீஷர்களிடம் சொன்னார். 12 கூடை நிறைந்தது.

கோயிலில் இடம் பிடிப்பதையா சின்ன விஷயம் என்கிறீர்கள்? தங்க மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்கார வைத்து, அழுக்குத் துணிக்காரனை அங்கே நில் என்பவர்களை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. நம் தமிழ்ச் சபைகள் இந்த ஒரு விஷயத்தில் உடைந்தே போயிருக்கின்றன. சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதினார். எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்க வேண்டும் என்றதும் தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே விலகினார்கள். வேதத்தைத் தினமும் வாசித்தவர்கள் அவர்கள். உங்கள் பக்கத்து வடக்கன்குளத்தில், கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிந்தது. யார் எங்கே உட்காருவது என்று ஒரு போதகர் பேசினால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

உங்களை உறுத்துவது வேதம் இல்லாத பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. கூலியைப் பற்றிய வசனத்தைக் காலையில் வாசித்தால் அது பழைய காலத்துப் பண்ணையாரைப் பற்றியது என்று இருந்துவிடலாம். மாலையில் அதுவே நம் அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. இயேசுவும் இப்படித்தான் பேசினார். மாவில் வைத்த புளிப்பு, காசைத் தொலைத்துவிட்டு விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண், நடுராத்திரியில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டும் சிநேகிதன். அன்று கேட்டவர்களில் யாரும் இது என் வீட்டு விஷயம் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.

சரி, ஐயருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வீடு சந்திக்கப் போன இடத்தில் ஒரு குடும்பம் அழுது சொன்னதை, பெயரை மட்டும் விட்டுவிட்டு உதாரணமாகச் சொல்லக் கூடாது. சின்ன ஊரில் பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை அப்படி நடந்தால் அந்த வீட்டுக்காரர்கள் மறுபடி யாரிடமும் மனம் திறக்க மாட்டார்கள். அப்புறம், சாதாரணமாகப் பேசுவதற்குத்தான் அதிகமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கோடீஸ்வரன் கதையைச் சொல்லி நேரத்தை ஓட்டுகிற போதகர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். உங்கள் ஐயர் அப்படிச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

அவர் இன்னும் ஒன்றைப் பேச வேண்டும் என்று மட்டும் விரும்புகிறேன். வீட்டு வேலைக்கார அம்மாவின் சம்பளத்தைப் பற்றிச் சொன்னவர், கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவருக்குச் சபை என்ன கொடுக்கிறது, எந்தத் தேதியில் கொடுக்கிறது என்பதையும் அதே மாலையில் சொல்லட்டும். அவர் தயங்கினால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.