அ = அ + 1: கணித ஆசிரியை இதைப் பலகையில் எழுதலாமா?

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கணினிப் பாடத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்றில் அ = அ + 1 என்று எழுதியதும், ‘இரண்டு பக்கமும் அ-வைக் கழித்தால் 0 = 1 என்று வருகிறதே, இது எப்படிச் சரியாகும்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். கணினியில் அப்படித்தான் என்று சமாளித்தேன். மறுநாள் சமன்பாடுகள் நடத்தியபோது பலரும் தடுமாறினார்கள். நான்தான் குழப்பிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில், ஒரு நிறுவனத்தின் கோடிங் தொகுப்பை வாங்கி வகுப்பையே அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த மாணவி கேட்டது முற்றிலும் சரி. அதை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். சமன்பாடாகப் பார்த்தால் அ = அ + 1 என்பதற்குத் தீர்வே கிடையாது. நிரலில் அது சமன்பாடு இல்லை, கட்டளை. வலப்பக்கத்தைப் பழைய மதிப்பை வைத்துக் கணக்கிடு, கிடைத்ததை இடப்பக்கப் பெயரில் எழுதிவை, பழையதை அழித்துவிடு. இவ்வளவுதான் அதன் பொருள். முதலில் வலம், பிறகு இடம். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சமக்குறியை 1557 இல் ராபர்ட் ரெக்கார்ட் அறிமுகப்படுத்தினார். ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்பாக இருந்ததால் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். நானூறு ஆண்டுகள் கழித்து, 1957 இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை ‘எழுதிவை’ என்ற கட்டளைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த அல்கால் 60, அதன் வழியில் 1970 இல் வந்த பாஸ்கல் ஆகிய மொழிகள் முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து := என்று எழுதி வேறுபாட்டைக் காப்பாற்றின. ஆனால் சி மொழி ஒற்றைச் சமக்குறிக்கே திரும்பியது. பைத்தானும் அப்படியே. இரண்டும் சமமா என்று கேட்க வேண்டுமானால் == என்று இரட்டைக் குறி போட வேண்டும். ஆகவே குழப்பத்தின் வேர் மொழியை வடிவமைத்தவர்களின் தேர்வில் இருக்கிறது. உங்களிடமும் இல்லை, அந்தப் பெண்ணிடமும் இல்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது எளிது. கணினிப் பாடவேளையில் அந்த வரியை ‘அ சமம் அ கூட்டல் ஒன்று’ என்று ஒருபோதும் வாசிக்காதீர்கள். ‘அ-வுடன் ஒன்றைக் கூட்டி, வந்ததை அ-வில் எழுது’ என்று வாசியுங்கள். பலகையில் முதல் சில வாரங்களுக்கு அ ← அ + 1 என்று அம்புக்குறி போடுங்கள். கணினியில் தட்டும்போது மட்டும் சமக்குறி. ‘மாறி என்பது ஒரு பெட்டி’ என்று பாடநூல்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெட்டிக்குள் இரண்டு பொருள்களை வைக்கலாம் அல்லவா? அதனால் பழைய 5-ம் புதிய 6-ம் உள்ளேயே கிடப்பதாகப் பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது இந்த மூன்று வரிகளைப் பலகையில் எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளையும் மாறியின் பெயராக ஏற்கும் என்பதால், இவற்றை இப்படியே தட்டினாலும் ஓடும்.

அ = 5
ஆ = அ
அ = 9

இறுதியில் ஆ-வின் மதிப்பு என்ன? கணினியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் நோட்டில் விடையை எழுதட்டும். கணிதத்தில் கெட்டிக்காரர்கள்தாம் 9 என்று எழுதுவார்கள். ஏனென்றால் கணிதத்தில் ஆ = அ என்றால் அது நிலையான உறவு, ஒன்று மாறினால் மற்றதும் மாறித்தான் ஆக வேண்டும். நிரலிலோ அந்த வரி ஓடிய நொடியில் இருந்த மதிப்பு நகலெடுக்கப்பட்டது, அதோடு முடிந்தது. விடை 5. வரி எண், அ, ஆ என்று மூன்று பத்திகளில் அட்டவணை போடச் சொல்லுங்கள். முதல் வரிக்குப் பின் அ-வில் 5, ஆ இன்னும் பிறக்கவில்லை. இரண்டாம் வரிக்குப் பின் 5, 5. மூன்றாவதற்குப் பின் 9, 5. ஒரு மாணவருக்கு நிரல் புரிந்திருக்கிறதா என்று அறிய இந்த அட்டவணையைவிட நல்ல கருவி கிடையாது, இதற்குக் கணினியும் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே எக்செல் போன்ற விரிதாளில் வேலை செய்தவர்களாக இருந்தால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விரிதாளில் ஒரு கட்டத்தை இன்னொன்றோடு இணைத்தால் அது கணிதம் போலவே கூடவே மாறும், நிரலில் மாறாது.

அடுத்து, அ-வையும் ஆ-வையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது மாறி ஒன்று ஏன் வேண்டும் என்பதை அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

சமன்பாட்டு வகுப்பில் அவர்கள் தடுமாறியதற்கு நீங்கள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சோதித்துப் பாருங்கள். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதுகிறவர்கள் சமக்குறியை ‘விடையை இங்கே போடு’ என்ற ஆணையாகத் தொடக்கப் பள்ளியிலிருந்தே எடுத்துவந்திருக்கிறார்கள். 3 + 4 = 7 + 5 = 12 என்று சங்கிலியாக எழுதும் பழக்கமும் அதே நோய்தான். நிரலாக்கம் அதைக் கிளறிவிட்டது, உண்டாக்கவில்லை. கட்டத்தில் 7 என்று எழுதியவர்களை 12 என்று எழுதியவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளையை இதற்குச் செலவிடுவது வீண் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். என்றாவது ஒரு மாணவன் 0.1 + 0.2 == 0.3 என்று தட்டுவான். பொய் என்று பதில் வரும். கூட்டிப் பார்த்தால் 0.30000000000000004 என்று திரையில் நிற்கும். கணினி பழுது என்றோ, வைரஸ் என்றோ சொல்லித் தப்பிக்காதீர்கள். கணித ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பாடம் இது. நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை எழுதினால் 0.333… என்று முடியாமல் போகிறது. கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரண்டடிமானத்தில் எழுதுகிறது, அங்கே பத்தில் ஒன்றும் முடியாது. 0.000110011… என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும், பைத்தான் சுமார் 53 இரும இலக்கங்களோடு வெட்டிவிடுகிறது. பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லாத பின்னங்கள்தாம் பத்தடிமானத்தில் முடியும் என்று நீங்களே நடத்தியிருப்பீர்கள். இரண்டடிமானத்தில் 2 மட்டும். ஆகவே 0.1 முதல் 0.9 வரை உள்ள ஒன்பது எண்களில் 0.5 ஒன்றுதான் துல்லியமாகச் சேமிக்கப்படுகிறது. 0.5 + 0.25 == 0.75 என்று தட்டினால் மெய் என்று வரும். 0.1 + 0.1 == 0.2 என்பதும் மெய்தான், ஏனென்றால் இரட்டிப்பதில் புதுப் பிழை சேராது. இன்னொரு 0.1 ஐக் கூட்டி 0.3 உடன் ஒப்பிட்டால் பொய். 0.1 ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். ‘1 ஆகும் வரை கூட்டிக்கொண்டே போ’ என்று எழுதிய நிரல் நிற்காமல் ஓடுவது இதனால்தான். தீர்வு: பணத்தையும் நீளத்தையும் மிகச் சிறிய அலகில் முழு எண்களாக வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். பதின்ம எண்களையே ஒப்பிட வேண்டியிருந்தால், வேறுபாடு மிகச் சிறியதா என்று கேட்கச் சொல்லுங்கள், சமமா என்று கேட்க வேண்டாம்.

இனி அந்தத் தொகுப்பு. தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் பேசியாக வேண்டும். இப்படி விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது, பத்து வயதுக் குழந்தை செயலி செய்துவிட்டது என்ற காட்சியை. பெரும்பாலும் முன்பே செய்துவைத்த அச்சில் படத்தையும் பெயரையும் மட்டும் குழந்தை மாற்றியிருக்கும். அந்தச் செயலியின் நிரலிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு, ‘இப்போது ஓடவிட்டால் என்ன ஆகும்?’ என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தத் தொகுப்பில் கல்வி இல்லை. வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வாங்கிவரும் மாணவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். திட்டப்பணியைக் கூலிக்கு எழுதிக் கொடுப்பவர்களின் சரக்கும் இதில் அகப்பட்டுவிடும்.

பைத்தான் இலவசம். எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து 2007 இல் வெளிவந்த, பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் இலவசம். உங்கள் கணித வகுப்புக்கு உதவும் ஜியோஜீப்ராவையும் பள்ளி வகுப்பறையில் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். இவற்றையே தங்கள் பெயரைப் போட்ட உறையில் சுற்றி, ஆண்டுக் கட்டணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, ஒப்பந்தம் முடிந்த பிறகு பிள்ளைகள் எழுதிய நிரல்கள் யாரிடம் இருக்கும்? கடவுச்சொல்லோடு அவையும் மறைந்துபோகும் என்றால் வேண்டாம். இரண்டு, பெற்றோரின் தொலைபேசி எண்ணை ஏன் கேட்கிறார்கள்? ‘உங்கள் பிள்ளையிடம் அபாரத் திறமை இருக்கிறது, தனி வகுப்பில் சேருங்கள்’ என்று வீட்டுக்கு அழைப்பு போவது அந்தப் பட்டியலிலிருந்துதான். நிறுவனம் தானே அச்சடித்துத் தானே கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழை நம்பிப் பெற்றோர் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

இந்த வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது கல்வி நிர்வாகம்தான். கணிதம் தெரிந்தவருக்குக் கணினியும் தெரியும் என்று கருதிப் பாடவேளையை ஒதுக்கிவிடுகிறார்கள், பயிற்சி தருவதில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதில் கணினிகள் உயிர்பெறவே பத்து நிமிடம் போய்விடும். ஒரு விசைப்பலகையைச் சுற்றி நான்கு பேர். தேர்விலோ சுருக்கப் பெயர்களை விரித்து எழுதச் சொல்லியும், கணினியின் தலைமுறைகளை வரிசைப்படுத்தச் சொல்லியும் மதிப்பெண் கொடுக்கிறார்கள். ஒரு நிரலைக்கூடச் சொந்தமாக எழுதாமல் முழு மதிப்பெண் வாங்க முடிகிற பாடத்தை யார் மதிப்பார்கள்?

தலைமை ஆசிரியரிடம் தொகுப்புக்குப் பதிலாக இரண்டு கேளுங்கள். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒரே நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி கணினி முன்னும் மறுபாதி நோட்டில் அட்டவணையோடும் உட்கார அனுமதி கேளுங்கள். நோட்டில் இருப்பவர்கள் வீணாக உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நிரல் என்ன செய்யும் என்று முதலில் ஊகிப்பது, ஓடவிட்டுச் சரிபார்ப்பது, துருவிப் பார்ப்பது, சிறிது மாற்றிப் பார்ப்பது, கடைசியாகத் தானே எழுதுவது என்ற வரிசையை ஸூ சென்டன்ஸ் போன்ற கணினிக் கல்வி ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஊகிப்பதற்குத் தாள் போதும்.

பள்ளி அளவிலான தேர்வில் வினாத்தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆறு வரி நிரலைக் கொடுத்து அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். திருத்துவதும் எளிது. சுருக்கப் பெயரை விரித்து எழுதும் கேள்வி ஒன்றுகூட வேண்டாம்.