யாரும் விரும்பாத போர் எப்படி வரும்?

கேள்வி: 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் அணு ஆயுதப் போரை விரும்பவில்லை என்கிறார்கள். பிறகு எப்படி உலகம் அவ்வளவு நெருங்கிப் போனது? யாராவது ஒருவர் விரும்பினால்தானே போர் வரும்?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: விரும்பாமலேயே வரும், பயமே அதுதான். அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய கியூப அகதிகளின் படை 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாவில் தோற்றது. அமெரிக்கர்கள் மறுபடியும் வருவார்கள் என்று சோவியத்தின் நண்பரான கியூபத் தலைவர் காஸ்ட்ரோ நம்பினார். குருஷேவுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது, பக்கத்திலேயே துருக்கியில் அமெரிக்க ஜுபிடர் அணு ஏவுகணைகள். அதனால் கியூபாவுக்கு ரகசியமாக அணு ஏவுகணைகளை அனுப்பினார், 1962 அக்டோபர் 14 அன்று அமெரிக்க உளவு விமானத்தின் படங்களில் அவை சிக்கின, 22ஆம் தேதி கென்னடி கடல் முற்றுகையை அறிவித்தார்.

சரி, இதெல்லாம் தலைவர்கள் எடுத்த முடிவுகள். 27ஆம் தேதி, சனிக்கிழமை நடந்தவற்றைப் பாருங்கள். கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். மாஸ்கோவைக் கேட்காமல் அங்கிருந்த சோவியத் தளபதிகளே கொடுத்த உத்தரவு அது. அதே நாளில் வட துருவத்துக்குப் போன இன்னொரு யு-2 வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. அதைத் துரத்த சோவியத் மிக் போர் விமானங்கள் கிளம்பின, காப்பாற்ற அலாஸ்காவிலிருந்து கிளம்பிய அமெரிக்கப் போர் விமானங்களில் இருந்ததோ அணு ஏவுகணைகள்!

கடலுக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சி வெடிகளைப் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மாஸ்கோவோடு தொடர்பே இல்லை, மேலே போர் தொடங்கிவிட்டதா என்றுகூடத் தெரியாது. அந்த நீர்மூழ்கியில் அணு டார்ப்பிடோ (நீருக்குள் பாய்ந்து போய்த் தாக்கும் அணு ஆயுதம்) ஒன்று இருந்தது. கேப்டன் அதைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், உடனிருந்த வாசிலி ஆர்க்கிப்போவ் என்ற அதிகாரி பேசி அவரை அமைதிப்படுத்தினார் என்றும் அதில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். அந்த நேரத்தில் கென்னடிக்கோ குருஷேவுக்கோ இது எதுவும் தெரியாது. பதற்றத்தை ஏற்றிவிடுவது தலைவர்கள், ஆனால் அதன் பிறகு முடிவு யார் கைக்குப் போகும் என்பது அவர்கள் வசத்தில் இல்லை.

கேள்வி: கென்னடி உறுதியாக நின்றதால்தான் குருஷேவ் பின்வாங்கினார் என்று படித்தேன். உண்மையா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பாதிதான் உண்மை. மீதிப் பாதி பல வருடங்கள் மறைக்கப்பட்டது. அந்தச் சனிக்கிழமை இரவு கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினைச் சந்தித்துப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: கியூபா மேல் படையெடுக்க மாட்டோம், துருக்கி ஏவுகணைகளையும் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இரண்டாவது விஷயம் வெளியே தெரியக் கூடாது. மறுநாளே குருஷேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக வானொலியில் அறிவிக்கச் செய்தார், 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளும் போய்விட்டன. இதை மறைத்ததால் 'அழுத்தினால் எதிராளி பணிவான்' என்ற தவறான பாடத்தை ஒரு தலைமுறையே படித்துக்கொண்டது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. விட்டுக்கொடுத்துப் பேசியதுதான் அன்று உலகத்தைக் காப்பாற்றியது.

அப்புறம், கென்னடியின் ராணுவத் தளபதிகள் கியூபாவைத் தாக்கிப் படையெடுக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இறங்கும் படையின் மீதே வீசக்கூடிய குறுந்தூர அணு ஆயுதங்கள் சோவியத் படையிடம் ஏற்கெனவே இருந்தன என்பதை, அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா 1992இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.