தண்ணீர் கேட்கும் அப்பாவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நிமோனியாவுக்காக சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்தார். முந்தாநாள் குழாயை எடுத்துவிட்டார்கள். உள்ளே போனாலே தண்ணீர் கேட்கிறார். ‘டிரிப் ஏறுகிறது, தாகம் எடுக்காது’ என்கிறார்கள். ஒரு மிடறு கொடுத்தால் என்ன?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். பல நாள் குழாய் இருந்த தொண்டையில் உணர்ச்சி மந்தமாகியிருக்கும். நமக்கென்றால் புரையேறி இருமல் வந்து காப்பாற்றும். அவருக்கு இருமலே இல்லாமல் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். நிமோனியா திரும்பவும் வரலாம்.

ஆனால் டிரிப் ஏறினால் தாகம் எடுக்காது என்பதை நான் ஏற்க மாட்டேன். ரத்தத்தின் உப்புச் செறிவு 1 முதல் 2 சதவீதம் கூடினாலே மூளை தாகத்தை எழுப்பிவிடும். அதை டிரிப் சரிசெய்யலாம். வாய் வறட்சியை அது தீர்க்காது. வேகமாக வரும் ஆக்சிஜன், வாயால் விடும் மூச்சு, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், சிறுநீர் பிரியக் கொடுக்கும் மருந்து என எல்லாம் சேர்ந்து நாக்கை உலர்த்துகின்றன.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. வெயிலில் வந்து குளிர்ந்த நீர் குடித்தால், அது ரத்தத்தில் கலக்கும் முன்பே தாகம் அடங்கத் தொடங்குகிறதல்லவா? வாயில் படும் குளிர்ச்சியையும் ஈரத்தையும் வைத்தே மூளை ஆறுதல் கொள்கிறது. விழுங்காமலேயே அந்த ஆறுதலைக் கொஞ்சம் தர முடியும். அமெரிக்காவில் 252 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து, தாகம் குறைந்ததாக 2014இல் ஆய்வு வெளியிட்டார்கள்.

எனவே ‘தண்ணீர் தரலாமா’ என்று கேட்காதீர்கள். ‘வாயை நனைத்துவிடலாமா’ என்று செவிலியரிடம் கேளுங்கள். சம்மதித்தால் தலைப்பக்கம் உயர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் தரும் குளிர்ந்த சுத்திகரித்த நீரில் காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை பிழியுங்கள். கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கு என மெதுவாகத் துடையுங்கள். துணியை உறிஞ்சப் பார்ப்பார், விடாதீர்கள். நுண்துளியாகத் தெளிக்கும் பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை ஆகாது. நீர் சார்ந்த களிம்பு கேளுங்கள். எலுமிச்சை கலந்த கிளிசரினும் வேண்டாம், அது பிறகு வாயை இன்னும் உலர்த்தும்.

இளநீரும் ஏற்காடு ஆரஞ்சுச் சாறும் ஃபிளாஸ்க்கில் வந்து சேரும், உறவினர்களின் அன்பு அப்படி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவற்றின் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

டாக்டர் வரும்போது மூன்றைக் கேளுங்கள்: ரத்த சோடியம் எவ்வளவு, வாயை உலர்த்தும் மருந்தை மாற்ற முடியுமா, விழுங்கும் பரிசோதனை எப்போது? அப்பாவிடமும் பூஜ்யம் முதல் பத்துக்குள் தாகம் எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணைச் சொல்லுங்கள். வெறும் ‘தாகமாம்’ என்பதைவிட அது காதில் விழும்.

கடைசி நேரத்தில் வாயில் ஒரு சொட்டு விடவில்லையே என்ற பயம் நம் வீடுகளில் பெரிது. நோய் முற்றிய நிலையில் அந்த முடிவே வேறு; அதை மருத்துவர் உங்களுடன் பேசுவார். குழாயை எடுத்துத் தேறி வரும் உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. பரிசோதனை முடிந்து தண்ணீர் அனுமதித்த பிறகும் முதலில் ஸ்பூனால் கொடுங்கள். குரல் கரகரத்தாலோ இருமினாலோ நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள்.