மீன் குஞ்சுக்கு எந்தப் புரதம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஃபைட்டர் (பெட்டா) மீன் குஞ்சுகளுக்கு 45 சதவீதப் புரதம் உள்ள தீவனத்தைப் பொடித்துப் போடுகிறேன். ஆனாலும் முதல் வாரத்திலேயே பாதிக்கு மேல் செத்துவிடுகின்றன. ஏன்?

பதில்: சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் குஞ்சின் வாயைப் பாருங்கள். நீங்கள் பொடித்தது அந்த வாய்க்குப் பெரிது. நுழையும் அளவுக்கு அரைத்தாலும், அசையாமல் கிடக்கும் தூளை ஃபைட்டர் குஞ்சு இரையாகவே மதிக்காது. பசியில் குஞ்சு சாகும். கீழே அழுகும் தூள் மிச்சத்தையும் கொல்லும். நீந்தத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியா என்ற நீர் நுண்ணுயிர்களைக் கொடுங்கள். முட்டைக்கோஸ் இலையை ஊறவைத்த நீரில் தானாகவே உண்டாகும். அடுத்து, அன்றன்று பொரித்த ஆர்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை. குட்டி போடும் கப்பி, மோலி மீன்களை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றின் குஞ்சுகள் பிறந்த அன்றே ஆர்டீமியாவைத் தின்னும்.

கேள்வி: ஆர்டீமியா பொரித்த மறுநாளும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் சத்து இறங்கியிருக்கும். பொரித்த புதிதில் அதன் உடம்பில் கருவுணவு நிறைந்திருக்கும். நேரம் போகப் போக அதைத் தானே செலவழித்துவிடும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி வெப்பம், நிற்காத காற்றோட்டம் இருந்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, அடியில் ஒரு விளக்கை வையுங்கள். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிற ஆர்டீமியாக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி அடியில் திரளும். அவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு உள்ளே போனால் குடல் அடைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தின்ற மீன் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். வயிறு வெளுத்திருக்கும் குஞ்சுகளைத் தனியே பிரித்துக் கவனியுங்கள்.

கேள்வி: தங்கமீன் குஞ்சுகளுக்குக் கடலைப் பிண்ணாக்கு மட்டும் போதுமா? மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: போதாது. அதில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருந்தாலும், வளரும் மீனுக்கு வேண்டிய லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் இரண்டும் குறைவு. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரல் கெடும். ஒரு மாதம் வளர்ந்த குஞ்சுகளுக்கு நான் சொல்லும் கலவை: மீன்தூள் 40 பங்கு, வேகவைத்து உலர்த்திய சோயாத் தூள் 25, தவிடு 20, பிண்ணாக்கு 10, மீன் எண்ணெயும் தாது உப்பும் சேர்ந்து 5. சோயாவைப் பச்சையாகச் சேர்க்காதீர்கள். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, சூட்டில்தான் அது அழியும். மீன்தூளுக்குப் பதிலாகக் கருவாடு என்றால் உப்பிடாத நெத்திலியாகப் பார்த்து, மணல் போக அலசிக் காயவைத்து அரையுங்கள்.

கேள்வி: சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சாக்கடையில் அள்ளிய புழு குஞ்சுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். நோய்க்கிருமியும் கன உலோகமும் கூடவே வரும். அதற்குப் பதில் மொய்னா என்ற நீர்த்தெள்ளுப்பூச்சியை வளர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவித்த முட்டையின் மஞ்சள் கரு போட்டால் தண்ணீர் கலங்குகிறதே?

பதில்: கலங்கத்தான் செய்யும். வேறு வழியில்லாத நாளில் மட்டும், துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து, சில சொட்டுகள் விடுங்கள். தின்னாத புரதம் அழுகி அம்மோனியாவாகும். அரை மணியில் அடியில் தங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு, முன்பே பிடித்து வைத்துப் பழகிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.