வீட்டிலேயே ஃபோட்டோ பிரிண்ட் போட எந்த பிரிண்டர் வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய ஆல்பங்களைப் பற்றி எழுதியதும், பிரிண்டர் வாங்குவது பற்றித்தான் நிறைய கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பேத்தியின் படங்கள் ஃபோனில் குவிந்து கிடக்கின்றன. மாதம் பத்து, பதினைந்து படங்களை பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்க ஆசை. கடைக்காரர் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பிரிண்டரைக் காட்டி, "ஃபோட்டோவும் வரும், ஜெராக்ஸும் எடுக்கலாம்" என்கிறார். வாங்கலாமா? பத்தாயிரம் வரை செலவழிக்க முடியும்.
– வாசகி, கும்பகோணம்

வாங்க வேண்டாம். அந்த விலைக்கு வருவது கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர். விலை குறைவாக இருக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணம், ஊர்ப் பயணம் என்று ஆறு வாரம் அதைத் தொடவில்லை. திரும்பி வந்து போட்டால் முகமெல்லாம் பச்சை, ஏனென்றால் சிவப்பு மை காய்ந்திருந்தது. அந்த வகையில் பெரும்பாலும் மூன்று கலரும் ஒரே டப்பாவில்தான் இருக்கும், அதனால் ஒரு கலர் போனால் மீதி இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். உள்ளே இருப்பதும் சில மில்லி மைதான், முழுப் பக்கப் படங்களாகப் போட்டால் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். புது கார்ட்ரிட்ஜ் இரண்டு மூன்று தடவை வாங்கினால் பிரிண்டரின் விலையைத் தொட்டுவிடுகிறது.

எந்த பிரிண்டர் வாங்குவதானாலும் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, மாதம் எத்தனை படம் போடப் போகிறேன், எவ்வளவு இடைவெளி விட்டுப் போடப் போகிறேன் என்பதுதான். உங்களைப் போல எப்போதாவது பத்துப் படம் போடுபவர்களுக்குத் திரவ மையே வேண்டாம் என்பது என் கருத்து. கேனான் செல்ஃபி சிபி1500 மாதிரியான டை-சப்ளிமேஷன் பிரிண்டரைப் பாருங்கள். கைக்கு அடக்கமான சின்னப் பெட்டி. உள்ளே மை கிடையாது, ரிப்பன்தான். காகிதம் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும். முதலில் மஞ்சள், அடுத்து ரோஸ் கலந்த சிவப்பான மெஜந்தா, பிறகு பச்சை கலந்த நீலமான சயன், கடைசியாக மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு. சூட்டில் ரிப்பனில் இருக்கும் நிறம் காகிதத்துக்குள் இறங்குகிறது. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஈரக் கை பட்டாலும் சட்டென்று கலையாது. முக்கியமாக, மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் காய்ந்துபோக அதில் ஒன்றுமில்லை.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 4x6 அஞ்சலட்டை அளவுதான் அதில் பெரிய அளவு, ஏ4 வராது. ஜெராக்ஸ், ஸ்கேன் எதுவும் கிடையாது. காகிதமும் ரிப்பனும் ஒரே பொட்டலமாகத்தான் விற்பார்கள், வேறு காகிதம் போட முடியாது. 108 படத்துக்கான பொட்டலத்தின் விலையை 108ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு படத்தின் அடக்கவிலை தெரிந்துவிடும். ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுவதைவிடக் கூடத்தான் வரும். ஆனால் அது எப்போதும் அதே விலைதான், காய்ந்த மைக்கு என்று தனியாக அழ வேண்டியதில்லை. பிரிண்டரின் விலை உங்கள் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டலாம், இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல ஸ்டுடியோ இருந்து, மாதம் ஒருமுறை போய்வரச் சிரமமில்லை என்றால், பென்டிரைவில் படங்களை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போட்டுக்கொள்வதுதான் மலிவு. வீட்டு பிரிண்டர் தருவது வசதி, பணத்தை மிச்சப்படுத்தும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

நான் பள்ளி ஆசிரியை. வினாத்தாள், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வாரம் முழுக்க பிரிண்ட் வேலை இருக்கும். அதோடு குடும்பப் படங்களும் நன்றாக வர வேண்டும். நாலு கலர் டேங்க் போதுமா, ஆறு கலர் வேண்டுமா?
– வாசகி, தேனி

வாரம் முழுக்க ஓடும் என்கிறீர்களே, அப்படியானால் பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் தொட்டி வைத்த டேங்க் பிரிண்டர் உங்களுக்குத்தான். ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் சாதா பிரிண்டருக்கு வெளியே பாட்டிலை வைத்து, குழாய் போட்டு மை ஓட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இந்தோனேசியாவிலும் அதே பழக்கம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எப்சன் நிறுவனம் 2010இல் தானே டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் அங்கே இறக்கியது.

நாலு கலரில் எப்சன் எல்3250 போன்றவை வீட்டு வேலைக்குத் தாராளம். ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. நல்ல கிளாசி பேப்பரில் 4x6 படமும் பார்க்கும்படி வரும். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் வெளிர் நிறம் வரும் இடத்தில் கிட்டே வைத்துப் பார்த்தால் மெல்லிய புள்ளிகள் தெரியும். காரணம் எளிது. வெளிர் சிவப்பு வேண்டும் என்றால் அடர் மெஜந்தாவை விட்டு விட்டுத் தெளிப்பதைத் தவிர நாலு கலர் பிரிண்டருக்கு வேறு வழியில்லை. எப்சன் எல்8050 போன்ற ஆறு கலரில் வெளிர் சயன், வெளிர் மெஜந்தா என்று இரண்டு தனி மைகள் இருக்கின்றன, அதனால் முகமும் வானமும் வழவழப்பாக வரும். கேனான் ஜி570இல் கூடுதல் இரண்டும் சிவப்பும் சாம்பலும், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தச் சாம்பல் மை மிகவும் உதவும்.

எல்8050, ஜி570 இரண்டிலும் ஸ்கேனர் இல்லை என்பதைக் கவனியுங்கள், உங்கள் வேலைக்கு அது பெரிய குறை. கேனானில் ஜி670 ஸ்கேனரோடு வருகிறது, ஆனால் வினாத்தாளாக அடித்துத் தள்ளுவதற்கு ஃபோட்டோ மையைச் செலவழிக்க எனக்கு மனசு வராது. உங்களுக்கு நான் சொல்வது, நாலு கலரை வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் நல்ல பேப்பர் வாங்குங்கள். சுவரில் மாட்டும் பெரிய படம் வருஷத்துக்கு நாலு இருக்குமா? அதை மட்டும் ஸ்டுடியோவில் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது கறுப்பு மை எந்த வகை என்று கேளுங்கள். கேனானின் நாலு கலர் ஜி வரிசையில் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத்தூள் கலந்த மை. எழுத்துக்கு அது அருமை, தண்ணீர் பட்டாலும் ஊறாது. ஆனால் ஃபோட்டோ பேப்பரில் அந்தக் கறுப்பைப் பயன்படுத்தாமல் மூன்று கலரையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்கும், அதனால் தலைமுடி கொஞ்சம் சாம்பல் அடித்தாற்போல் தெரியலாம்.

பிரிண்டர் நல்லதுதான், ஆனால் ஏ4 அளவில் போட்டால் படம் மங்கலாக வருகிறது. ஏன்?
– வாசகர், ராஜபாளையம்

படம் வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 4x6இல் போட்டால் அங்குலத்துக்கு 267 புள்ளி கிடைக்கும், அது போதும். அதே படத்தை ஏ4க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 137தான், மங்காமல் என்ன செய்யும்? எடுத்தவரிடம் அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே முழுசாக வரும். பிரிண்ட் போடும்போது பேப்பர் வகையில் கிளாசி என்று மறக்காமல் மாற்றுங்கள். சாதா பேப்பர் என்றே விட்டுவிட்டால் மை அளவு தப்பி, நல்ல படமும் கெடும்.

டேங்க் பிரிண்டரை இரண்டு மாதம் தொடவில்லை. இப்போது படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுகிறது. ஹெட் கிளீனிங் ஏழெட்டு முறை கொடுத்தும் போகவில்லை. ஹெட் மாற்ற வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

அவசரப்படாதீர்கள், முதலில் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள். மையைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட். ஒவ்வொரு கிளீனிங்கிலும் அதன் வழியாக நல்ல மையை உறிஞ்சித்தான் வெளியே தள்ளுகிறது, அது போய்ச் சேருவது அடியில் இருக்கும் பஞ்சு மாதிரியான பேடில். அந்த பேட் நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டரே வேலை செய்ய மறுத்துவிடும். ஒரு கிளீனிங், பிறகு மைத் துளைகள் திறந்தனவா என்று பார்க்கும் ஒரு நாசில் செக், அவ்வளவுதான். இரண்டு மூன்று முறையில் சரியாகாவிட்டால் பிரிண்டரை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். காய்ந்த மை தானே இளகி, காலையில் ஒரே கிளீனிங்கில் திறந்துகொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். இணையத்தில் பார்த்து ஊசியால் வெந்நீர், ஸ்பிரிட் எல்லாம் ஏற்றாதீர்கள், ஹெட்டுக்கு அது ஆபத்து.

சரி, இனிமேல் வராமல் இருக்க என்ன செய்யலாம்? வாரம் ஒருமுறை எல்லாக் கலரும் வரும்படி ஒரு சின்னப் படம் போடுங்கள். பிரிண்டரை அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்று காய்ந்துவிடும். வெளியூர் போகும்போது வீட்டில் மெயினை அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள், முதலில் பட்டனை அமுக்கி விளக்கு அணையும்வரை காத்திருங்கள்.

கடையில் பாதி விலைக்கு மையும் பேப்பரும் கிடைக்கிறதே, போடலாமா?
– வாசகர், சென்னை

வினாத்தாள், ரசீது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஃபோட்டோவுக்கு மட்டும் வேண்டாம். என் அப்பா இறந்தபோது அவர் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒவ்வொன்று மாட்டினேன். எங்கள் வீட்டுப் படத்தை நானே போட்டேன், அப்போது டேங்கில் இருந்தது மலிவு மை. ஒரு வருஷத்தில் அப்பாவின் சட்டை நிறமே போய்விட்டது, முகமும் வெளிறிவிட்டது. அண்ணன் வீட்டுப் படம் ஸ்டுடியோவில் போட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது.

டை மையை, அதாவது கரைந்த சாயமாக இருக்கும் மையை, வெளிச்சமும் காற்றில் இருக்கும் ஓசோனும் தின்றுவிடும். மலிவு மையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. பேப்பரில், பின்பக்கமும் வழவழவென்று ஸ்டுடியோ படம் மாதிரி இருந்தால் அது பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பர், படத்துக்கு அதுதான் சரி. பின்பக்கம் சாதா அட்டை மாதிரி இருப்பது மலிவு ரகம், ஈரக் காற்றில் சுருண்டுகொள்ளும். உங்கள் ஊர்க் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பிரிண்ட் எடுத்ததும் ஒரு நாள் காய விடுங்கள், அப்புறம் கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். படம் கண்ணாடியில் நேராக ஒட்டாதபடி சுற்றிலும் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாமல் போய்விடும். போட்ட படத்தின் ஃபைலையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அப்பாவின் படத்தை நான் மறுபடி பிரிண்ட் போட முடிந்தது அது இருந்ததால்தான்.