களிமண்ணும் இலைதழையும்: மழலையர் வகுப்புக் கேள்விகளும் பதில்களும்

வணக்கம் டீச்சர். எங்கள் அங்கன்வாடியில் 20 பிள்ளைகள், 3 முதல் 5 வயது. கடையில் விற்கும் கலர் களிமண் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மண் எங்கே வாங்குவது, எவ்வளவு வேண்டும்?

பக்கத்தில் பானை செய்பவர் இருந்தால் மிதித்துப் பதப்படுத்திய மண்ணாகவே கேட்டு வாங்குங்கள். கல்லும் வேரும் எடுத்திருப்பார்கள், பாதி வேலை மிச்சம். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைக்கு 300 கிராம், அதாவது ஒரு சாத்துக்குடி அளவு உருண்டை. 20 பேருக்கு 6 கிலோ. காய்ந்துபோவதற்கும் கீழே விழுவதற்கும் சேர்த்து 8 கிலோவாக எடுத்து வையுங்கள்.

குளத்து மண்ணை நாமே எடுத்தால் ஆகாதா?

ஆகும். சாக்கடை கலக்காத, மாடு படுக்காத இடமாகப் பாருங்கள். ஈர மண்ணை அப்படியே தண்ணீரில் போட்டால் கட்டி கரையாது. முதலில் வெயிலில் நன்றாகக் காயவைத்து உடைக்க வேண்டும். காய்ந்த கட்டி தண்ணீர் பட்டதும் தானாகவே பொலபொலவென்று உதிரும். ஓர் இரவு ஊறவிட்டுக் கொசுவலையில் வடிகட்டினால் கண்ணாடிச் சில், முள், நத்தை ஓடு எல்லாம் நின்றுவிடும். மறுநாள் மேலே தெளிந்த நீரை இறுத்து, அடியில் தங்கிய சேற்றைப் பருத்தித் துணியில் பரப்பிவிடுங்கள்.

பதம் பார்க்க, பென்சில் கனத்தில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரிசல் விட்டால் ஈரம் போதாது. தண்ணீர் தொட்டுப் பிசைந்தும் விரிந்தால் மணல் அதிகம். கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் காய்ந்த செங்கல் மேல் அரை மணி நேரம் வையுங்கள், செங்கல் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

அக்கா, இலை அச்சு எடுக்கிறோம். நரம்பே தெரிவதில்லை, இலையை எடுக்கும்போது மண்ணும் பிய்ந்து வருகிறது.

பெரும்பாலும் இலையின் பளபளப்பான முகத்தை மண்ணில் வைத்திருப்பீர்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில், அதுதான் மண்ணைத் தொட வேண்டும். பிள்ளைகளிடம் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்தச் செயல்பாட்டில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

கொய்யா இலைக்கு ஈடில்லை. அரசு, பூவரசும் நன்றாக வரும். வாடிய இலை வேண்டாம், அது மண்ணில் துவண்டுவிடும். மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பூரிக்கட்டையால் தேய்த்து, இலையை வைத்து, அதன் மேல் மறுபடி ஒரே ஒரு முறை உருட்டுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் இலை நகர்ந்து அச்சு இரட்டையாகும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். மண் பிய்ந்தால் ஈரம் கூடுதல். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். பலகையில் மண் ஒட்டாமலிருக்க அடியில் ஈரத்துணி போதும்.

பாசிப்பயறு பதித்துக் கோலம் செய்தார்கள். இரண்டு நாளில் முளைத்துவிட்டது, மீதி உதிர்ந்துவிட்டது!

முளைத்ததைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மண் காயும்போது சுருங்கும், உள்ளே ஊறிய விதை கூடவே சுருங்காது. அதனால்தான் விதையைச் சுற்றி விரிசல் விடுகிறது. பயறு ஈரத்தில் முதலில் ஊதி, பிறகு காய்ந்து சிறுத்து, தன் குழியிலிருந்து கழன்றுவிடுகிறது. விதையை அழுத்தி எடுத்துவிட்டுக் குழியை மட்டும் விட்டால் கோலம் நிற்கும்.

எந்த இலை, விதை கூடாது?

குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை, எருக்கு. ஐந்தும் வகுப்பு வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. குன்றிமணி பிள்ளையார் கண்ணுக்கு அழகுதான்; கடித்து உடைத்தால் கொடிய விஷம். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. 3 வயதுக்காரர்களிடம் விஷமில்லாத சிறு விதையையும் தராதீர்கள், மூக்கிலோ காதிலோ போகும், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குக் கொட்டாங்குச்சி, பனங்கொட்டை போன்று வாயில் நுழையாதவை. ஈர்க்குச்சியின் கூர் நுனியைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள்.

யானைக்குத் தும்பிக்கை வைத்தால் காய்ந்ததும் விழுகிறது.

வெறுமனே அப்பினால் விழத்தான் செய்யும். ஒட்டும் இரு முகங்களையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இட்லி மாவுப் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். 5 வயதுக்குக் கீழே இது கைவராது. உடம்பிலிருந்தே தும்பிக்கையை இழுத்து நீட்டச் சொல்லுங்கள். ஒட்டே இல்லை, விழுவதற்கு வழியும் இல்லை. காயவைப்பது நிழலில், மின்விசிறிக்கு நேரே வேண்டாம். ஓரம் முந்திக்கொண்டு காய்ந்தால் நடுவே பிளக்கும். தினம் ஒரு முறை புரட்டுங்கள். வில்லைக்கு நான்கைந்து நாள், குண்டு உருவத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல்.

சுட வேண்டுமா டீச்சர்?

சுடாத மண் தண்ணீர் பட்டால் கரையும், அவ்வளவுதான். வீட்டு அடுப்பின் சூடு எட்டாது, சூளைதான். உள்ளே ஈரம் இருந்தால் ஆவி வெளியேற வழியின்றிச் சூளையிலேயே வெடிக்கும். இந்த வயதுக்கு, உடைத்து ஊறவைத்து மறுபடி மண்ணாக்குவதுதான் என் கட்சி.

என் மகனுக்கு மூன்றரை வயது. குத்துகிறான், பிய்க்கிறான், ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறான்.

அதுதான் அந்த வயதின் வேலை. நீங்கள் ஒரு மயில் செய்து முன்னால் வைக்காதீர்கள். வைத்தால் "நீயே செய்" என்று மண்ணை உங்கள் பக்கம் தள்ளுவான்.

கை கழுவும் தொட்டி அடைத்துவிட்டது.

களிமண் குழாயடிக்குப் போகவே கூடாது. இரண்டு வாளி வையுங்கள்: முதல் வாளியில் மண் போகக் கழுவி, இரண்டாவதில் அலசி, அப்புறம்தான் குழாயும் சோப்பும். தரையில் சிந்தியதை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், நுண்ணிய தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள். முதல் வாளியை அசைக்காமல் விட்டால் மறுநாள் அடியில் ஒரு கைப்பிடி நல்ல மண் தங்கியிருக்கும். அதைத் துணியில் ஊற்றி வைத்தால் அடுத்த வகுப்பில் ஒட்டுவதற்கு ஆகும்.